வாக்காளர் பட்டியலும் இணைய வழி விண்ணப்பமும்

அரக்கோணத்துக்கு அணித்தேயுள்ள ஓர் ஊராட்சியில் நடைபெற்ற கிராம சபைக் கூட்டம் ஒன்றுக்கு நான் சென்றிருந்தேன். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, ஏரிக்கரைப் பாதை ஆகிய விஷயங்களைப் பேசி முடித்த பின், கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த பெண் ஒருவர் எழுந்து நின்றார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. "ஐயா, வாக்காளராகப் பதிவு செய்து ஓராண்டாகிறது. இதோ பதிவு எண். ஆனால் பட்டியலில் என் பெயர் இல்லையே, ஏன்?" என்று கேட்டார்.

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. ஊரிலுள்ள ஒரு கணினிக் கடையில் அவர் இணைய வழியாக விண்ணப்பம் செய்திருக்கிறார். கடைக்காரர் அவசரத்தில் தம்முடைய கைபேசி எண்ணையே படிவத்தில் இட்டுவிட்டார். விண்ணப்பத்தைச் சரிபார்க்க வந்த அலுவலர் இரு முறை வீட்டைத் தேடி வந்திருக்கிறார். தந்தையும் மகளும் விடியற்கால ரயிலில் சென்னைக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறவர்கள், தாயார் வயலில். வீடு பூட்டிக் கிடந்தது. படிவத்திலிருந்த எண்ணுக்குப் பேசினால், எதிர்முனையில் கடைக்காரர், "அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது" என்கிறார். விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அந்தச் செய்தியும் கடைக்காரர் கைபேசிக்கே போயிற்று. அப்பெண் ஓராண்டு காலம் பத்திரமாக வைத்திருந்தது விண்ணப்பம் அனுப்பியதற்கான ஒப்புகை எண் மட்டுமே.

இணைய வழியில் நாம் செய்வது விண்ணப்பமே அன்றிப் பதிவு அன்று. இந்த ஒரு விஷயம் ஊர்தோறும் தெளிவாகப் புரிந்துவிட்டால் இவ்வகைத் தொல்லைகளில் பெரும்பகுதி நீங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம். இணைய வழியில் வாக்களிக்கலாம் என்று எண்ணுவோரும் சிலர் உண்டு. அதுவும் பிழை. வாக்குச்சாவடிக்கு நேரில் சென்றுதான் வாக்களிக்க வேண்டும். பட்டியலில் பெயர் சேர்க்கவும், திருத்தவும், மாற்றவும் மட்டுமே இணைய வழி பயன்படும்.

பட்டியலில் பெயர் இருப்பது தேர்தல் நாளுக்கு மட்டும் வேண்டிய விஷயம் என்று நம்மில் பலர் கருதுகிறோம். அரசியல் சட்டத்தின் 243-ஆம் பிரிவைப் படித்தால் வேறு செய்தி கிடைக்கும். கிராம சபை என்பது அந்தக் கிராமத்துக்குரிய வாக்காளர் பட்டியலில் பதிவு பெற்றவர்களைக் கொண்ட அமைப்பு என்றே அங்கு சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே, அன்று எழுந்து நின்று கேள்வி கேட்ட அந்தப் பெண், சட்டப்படி பார்த்தால், அந்தக் கிராம சபையின் உறுப்பினரே அல்லர்! அவர் கேட்ட கேள்வியைக் கேட்க வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு தீர்மானத்தின் மேல் கைதூக்கும் உரிமையும், பின்னாளில் வார்டு உறுப்பினர் பதவிக்குப் போட்டியிடும் உரிமையும் அந்தப் பட்டியலிலிருந்தே பிறக்கின்றன. சட்டமன்றத் தொகுதிக்கென ஆயத்தமாகும் பட்டியலை அடிப்படையாகக் கொண்டே தமிழ்நாட்டில் ஊராட்சி வார்டுகளுக்கான பட்டியலும் தொகுக்கப்படுகிறது. இராணிப்பேட்டை மாவட்டத்தில் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோதும் இம்முறையே பின்பற்றப்பட்டது. மூலப் பட்டியலில் விடுபட்டவர் ஊராட்சிப் பட்டியலிலும் விடுபடுகிறார்.

முன்னாளில் இதனை 'வோட்டர் ஜாபிதா' என்பார்கள். அந்நாளைய ஜாபிதாவில் இடம் பெறுவது எளிதன்று. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின் கீழ் நடந்த தேர்தல்களில் நிலவரி, சொத்து, படிப்பு முதலிய தகுதிகளுள் ஒன்று உடையவருக்கே வாக்கு உண்டு. குத்தகைக்காரரும் கூலியாளரும் பெண்களும் பெரும்பாலும் வெளியே நின்றனர். குடியரசு ஏற்பட்ட பின் 326-ஆம் பிரிவு இந்த வேலிகளை ஒரே வீச்சில் அகற்றி, வயது வந்தோர் யாவருக்கும் வாக்குரிமை தந்தது. அப்போது வயது வரம்பு 21. 61-ஆவது திருத்தத்தின் மூலம் 1989 முதல் அது 18 ஆயிற்று.

முதற் பொதுத் தேர்தலுக்கு, அதாவது 1951-52-இல், சுமார் 17 கோடியே 30 இலட்சம் பேரின் பெயர்களை எழுத வேண்டியிருந்தது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவர்களின் பொறுப்பில் அலுவலர்கள் வீடு வீடாகச் சென்று எழுதினார்கள். அப்பொழுது ஒரு விசித்திரமான இடையூறு நேர்ந்தது. வட மாநிலங்களில் பல இலட்சம் பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து, "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். பெயரில்லாமல் வாக்காளர் இல்லை என்று ஆணையம் உறுதியாக நின்றது. அதன் விளைவாக ஏறக்குறைய 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஓர் எழுத்தோ ஒரு பெயரோ சரியாக அமையாவிட்டால் உரிமையே போய்விடக்கூடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

அமெரிக்கா போன்ற நாடுகளில் பெயரைப் பதிவு செய்துகொள்வது பெரும்பாலும் குடிமகனின் பொறுப்பு. அங்கு அரிசோனா மாநிலம் 2002-இலேயே இணைய வழிப் பதிவைத் தொடங்கிவிட்டது. நம் நாட்டு மரபோ அரசாங்கமே வாசற்படி ஏறிப் பெயர் கேட்பது. அந்த மரபைக் கைவிடாமலே, 2015 ஜனவரி 25 அன்று, தேசிய வாக்காளர் நாளில், தேர்தல் ஆணையம் தேசிய வாக்காளர் சேவை இணையதளத்தைத் தொடங்கிற்று. தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நாள் கூலியை இழந்து போய்வர வேண்டிய அவசியம் இதனால் குறைந்தது. ஆனால் வாசலுக்கு வரும் அலுவலர் இன்றும் உண்டு. அவரே வாக்குச்சாவடி நிலை அலுவலர். பெரும்பாலும் நம் ஊர் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். இணையத்தில் அனுப்பிய விண்ணப்பமும் முடிவில் அவர் கைக்கே வந்து சேர்கிறது.

விண்ணப்பம் செய்யும் முறை கடினமன்று. முதன்முறையாகப் பெயர் சேர்ப்போருக்குரியது படிவம் 6. கைபேசி எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறை எண் வரும்; அதனை இட்டு உள்ளே செல்ல வேண்டும். இந்தக் கைபேசி எண் தம்முடையதாக இருக்கட்டும். இல்லையேல் தந்தை, தாய் அல்லது உறவினருடையதாக இருக்கலாம். படிவமே அதற்கு இடம் தருகிறது. கடைக்காரர் எண்ணுக்கு அங்கு இடமில்லை. புகைப்படம், வயதுச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றின் படங்களை இணைக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் போன்றவை வயதுக்கும், வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், மின் கட்டண இரசீது, வருவாய்த் துறையின் நில உரிமை ஆவணம் போன்றவை முகவரிக்கும் ஏற்கப்படும். ஆதார் எண்ணைத் தருவது கட்டாயமன்று என்று 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆணையமே தெரிவித்திருக்கிறது. விண்ணப்பத்துக்கு ஆணையம் கட்டணம் எதுவும் பெறுவதில்லை. கடையிலோ மையத்திலோ கொடுக்கும் தொகை தட்டச்சு செய்து தருபவரின் கூலியே.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். பெயரை ஆங்கில எழுத்தில் இட்டவுடன் அருகிலுள்ள கட்டத்தில் தமிழ்ப் பெயர் தானாகவே தோன்றும். யந்திரம் செய்யும் இந்த வேலையை நம்பி அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் லகர, ளகர, ழகரங்களுக்கு ஏது வேறுபாடு? திருத்தணி முருகனின் அருகில் நிற்கும் வள்ளி, படிவத்தில் வல்லியாகிவிடுகிறாள். கலா, காலா ஆகிறார். பழனி, பலனி ஆகிறார். தமிழ்க் கட்டத்தில் விரலை வைத்து நாமே திருத்திக்கொள்ளலாம். அனுப்புவதற்கு முன் இதற்கு இரண்டு நிமிடம் போதும்; அட்டை அச்சாகி வந்த பின் திருத்துவதானால் மற்றொரு விண்ணப்பமும் மற்றொரு விசாரணையும் வேண்டும்.

அனுப்பிய பின் நடப்பது என்ன? விண்ணப்பங்களின் பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஆட்சேபணை சொல்ல ஏழு நாட்கள். இதனிடையே வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து பார்த்து அறிக்கை தருவார். பின்னர் வாக்காளர் பதிவு அலுவலர் முடிவு செய்வார். அவர் ஏற்றால்தான் பெயர் பட்டியலில் ஏறும். அதற்குப் பின்னரே அடையாள அட்டை அஞ்சலில் வரும். மறுத்தால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் இயலாவிடில் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். எங்களைப் போன்ற வட்டார வளர்ச்சி அலுவலர்களிடம் இதுபற்றி மனு கொடுப்போர் பலர். சட்டமன்றப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ எங்களுக்கு அதிகாரமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒப்புகை எண்ணைக் கொண்டு விண்ணப்பத்தின் நிலையை அதே இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். 1950 என்னும் எண்ணுக்குப் பேசியும் கேட்கலாம்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. திருத்தணி, அரக்கோணம் வட்டாரங்களில் ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்து பெண் எடுப்பதும் கொடுப்பதும் நெடுநாளைய வழக்கம். இந்த எல்லையே அண்மைக் காலத்தது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வீடுகள் நகரவில்லை, மாநிலம் மாறிற்று. உறவு மட்டும் எல்லையைப் பார்ப்பதில்லை. நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ மணமாகி வந்த பெண்ணுக்கு அங்கே வாக்காளர் அட்டை இருக்கும். இங்குள்ளவர்கள் அவருக்குப் புதிதாகப் படிவம் 6 நிரப்பிவிடுகிறார்கள். இது பெரும் தவறு. ஒருவர் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் இருத்தல் கூடாது என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. வேறெங்கும் பெயர் இல்லை என்று படிவத்தில் உறுதிமொழி தருகிறோம். அது பொய்யாயின் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பாவம், அந்த மருமகளுக்குப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரிந்திராது.

அவருக்குரியது படிவம் 8. குடிபெயர்தல், பெயரிலோ வயதிலோ பிழை திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று, மாற்றுத்திறனாளி எனக் குறித்தல் ஆகிய நான்குக்கும் 2022 முதல் இந்த ஒரே படிவம் போதும். தொகுதி விட்டுத் தொகுதி மட்டுமன்று, மாநிலம் விட்டு மாநிலம் வந்தாலும் இதுவே. பழைய அட்டை எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பினால் இங்கே பெயர் சேரும்போது அங்கே நீங்கும். அங்குள்ள பட்டியலில் தெலுங்கில் இருந்த பெயர் இங்கே தமிழுக்கு வரும்போது முன்னர்ச் சொன்ன எழுத்துப் பிழைக்கு இரட்டிப்பு வாய்ப்பு உண்டு என்பதை மறத்தலாகாது.

குடியானவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: "என் மகன் சென்னையிலேயே குடியிருக்கிறான். ஆனால் நிலம் அவன் பெயரில் இங்கே இருக்கிறது. இங்கே வாக்கு உண்டா?" நிலமோ வீடோ இருப்பது மட்டும் ஒருவரை அவ்வூரில் சாதாரணமாக வசிப்பவராக ஆக்காது என்று சட்டத்தின் 20-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வரி கட்டியவனுக்கே வாக்கு என்ற காலம் போயிற்று. அதே பிரிவு மற்றொன்றையும் சொல்கிறது: தற்காலிகமாக ஊரை விட்டுச் சென்றிருப்பதால் ஒருவர் உரிமையை இழக்க மாட்டார். செங்கற்சூளைக்குச் சில மாதம் சென்றிருப்பவரும், நாள்தோறும் ரயிலேறிச் சென்று இரவில் திரும்புகிறவரும் நம் ஊர் வாக்காளர்களே.

இணைய வழி விண்ணப்பத்தை அலுவலர் ஏன் நேரில் வந்து பார்க்க வேண்டும், யந்திரமே முடித்துவிடலாகாதா என்று படித்த இளைஞர்கள் கேட்பதுண்டு. கர்நாடகத்தின் ஆலந்து தொகுதியில் நடந்ததை அவர்களுக்குச் சொல்வேன். அங்கு 2022-ஆம் ஆண்டின் இறுதியில், பெயர்களை நீக்கக் கோரும் படிவம் 7 விண்ணப்பங்கள் இணைய வழியாக 6,018 வந்தன. ஐயங்கொண்ட அலுவலர்கள் ஒவ்வொன்றையும் நேரில் விசாரித்தார்கள். உண்மையானவை 24 மட்டுமே! மற்றைய 5,994 பேரும் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். தம் பெயரை நீக்க யாரோ விண்ணப்பித்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின, 2023 பிப்ரவரியில் காவல்துறையில் வழக்கும் பதிவாயிற்று. வாசற்படி ஏறி வந்து பெயர் கேட்கும் அந்தப் பழைய வழக்கம் இல்லையேல் அத்தனை பேரும் வாக்கை இழந்திருப்பார்கள். நம் வீட்டுக் கதவைத் தட்டும் வாக்குச்சாவடி நிலை அலுவலரை, "மறுபடியுமா?" என்று சலித்துக்கொள்ளாமல் வரவேற்க இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம் பலருக்கு நினைவிருக்கும். கணக்கெடுப்புப் படிவம் வீடு வீடாகத் தரப்பட்டது. இணைய வழியிலும் அதனை நிரப்ப வழி செய்யப்பட்டிருந்தது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில், முன்னிருந்த 6 கோடியே 41 இலட்சம் பேரில் சுமார் 97 இலட்சம் பேரின் பெயர்கள் இடம் பெறவில்லை. இறந்தோர், குடிபெயர்ந்தோர், இரு இடங்களில் பதிவானோர், வீட்டில் காணப்படாதோர் என்று காரணங்கள் கூறப்பட்டன. இறந்தவர் பெயர் நீங்குவது முறையே. 'வீட்டில் காணப்படவில்லை' என்னும் வகைதான் ரயிலேறி வேலைக்குச் செல்லும் நம் பகுதியில் கவனிக்கத்தக்கது. அட்டை கையிலிருப்பதால் பெயரும் பட்டியலில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வாக்களிக்கும் உரிமையைத் தருவது பட்டியல். அட்டை ஆளை அடையாளம் காட்டுவது மட்டுமே. அட்டையிலுள்ள எண்ணை இணையதளத்தில் இட்டால் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் தோன்றும். தோன்றாவிடில் உடனே படிவம் 6.

'உடனே' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வேட்பு மனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பின் அத்தேர்தலுக்கென எந்தப் பெயரையும் சேர்க்கச் சட்டம் இடந்தராது. விசாரணைக்கு வேண்டிய நாட்களையும் கணக்கிட்டால் இன்னும் முன்னதாகவே அனுப்பியாக வேண்டும். பிரிட்டனில் 2016 ஜூன் 7 அன்று, பொது வாக்கெடுப்புக்குப் பெயர் பதிவு செய்யும் கடைசி இரவில், எல்லோரும் ஒரே நேரத்தில் முயன்றதால் அரசாங்க இணையதளமே நின்றுபோயிற்று. காலக்கெடுவை இரு நாள் நீட்டிக்க நேர்ந்தது. அங்கு நீட்டித்தார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. முன்பு ஜனவரி 1 ஒன்றே தகுதி நாளாக இருந்தது. ஜனவரி 2 அன்று பிறந்தவர் ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தார். 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாட்கள் நான்கும் தகுதி நாட்களாயின. 17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே விண்ணப்பம் அனுப்பலாம். 18 நிறைந்ததும் அதற்கடுத்த தகுதி நாளை ஒட்டி அது எடுத்துக்கொள்ளப்படும்.

ஊராட்சி உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியது அதிகம். தம் வார்டுக்குரிய பாகத்தின் பட்டியலை இணையதளத்திலிருந்து எடுத்து அச்சிட்டு, கிராம சபை கூடும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி வைக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலரின் பெயரையும் அதனருகே எழுதலாம். வீடு பூட்டியிருக்கும் குடும்பங்கள் இன்னின்னவை, அவர்கள் வீடு திரும்பும் நேரம் இன்னது என்று அவருக்குச் சொல்வதற்கு உறுப்பினரைவிடத் தகுந்தவர் யார்? ஆனால் பிறர் படிவத்தைத் தாமே நிரப்பித் தம் கைபேசி எண்ணை இட்டு அனுப்பும் உபகாரத்தை மட்டும் தயவு செய்து தவிர்க்க வேண்டும். கட்சிக்காரர் எவரும் செய்தாலும் அதையே சொல்வேன்.

அந்தப் பெண்ணின் செய்தியைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. கூட்டம் கலைந்த பின் ஊராட்சி அலுவலகத் திண்ணையில் அமர்ந்து, தம் கைபேசியிலேயே, தந்தையின் எண்ணைக் கொடுத்துப் படிவம் 6-ஐ மறுபடியும் நிரப்பினார். வார்டு உறுப்பினர் அலுவலரிடம் சொல்லிவைத்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் விசாரணை நடந்தது. சில வாரங்களுக்குப் பின் தந்தை என் அலுவலகத்துக்கு வந்து பட்டியலின் பக்கத்தைக் காட்டினார். மகளின் பெயர் அச்சாகியிருந்தது, சரியாகவே. தகப்பனார் பெயரில் மட்டும் ழகரம் லகரமாகியிருந்தது. படிவம் 8-ஐ இரவே அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.